இரட்டைப் பூட்டுப் பெட்டியும் மக்கள்தொகை அறிவியலும்

1538ஆம் ஆண்டு, இங்கிலாந்தின் எட்டாம் ஹென்றி மன்னனுக்கு அமைச்சராக இருந்த தாமஸ் குரோம்வெல், நாட்டின் பங்குக் குருக்கள் அனைவருக்கும் ஓர் ஆணை விடுத்தார். ஒவ்வொரு பங்கும் ஓர் ஏடு வைத்திருக்க வேண்டும். முடிந்த வாரத்தில் நடந்த திருமணம், திருமுழுக்கு, அடக்கம் ஆகியவற்றை ஞாயிறுதோறும் குரு அதில் எழுத வேண்டும். எழுதும்போது கோயில் காப்பாளர் உடனிருக்க வேண்டும். ஏட்டை இரண்டு பூட்டுகள் கொண்ட பெட்டியில் வைத்து, ஒரு சாவியைக் குருவும் மற்றொன்றைக் காப்பாளர்களும் வைத்துக்கொள்ள வேண்டும். தவறினால் தண்டம் மூன்று ஷில்லிங் நான்கு பென்னி. பிள்ளைக்குத் திருமுழுக்குக் கொடுப்பதற்கும் பிணத்தை அடக்குவதற்கும் புதுவரி வரப்போகிறது என்று ஊர்கள் கலங்கின. வரி வரவில்லை, ஏடு நிலைத்துவிட்டது.

அதை எழுதிய குருக்கள் எவரும் நாட்டின் மக்கள்தொகையை எண்ணுவதாக நினைத்தவர் அல்லர். யாருக்கு யார் பிள்ளை, யார் முறைப்படி மணந்தவர், சொத்து யாரைச் சேரும் என்பவற்றுக்குச் சான்றாகவே அந்த வரிகள் எழுதப்பட்டன. ஆயினும் நானூறு ஆண்டுகள் கழித்து மக்கள்தொகை வரலாறு என்னும் ஆய்வுத்துறை இத்தகைய ஏடுகளின் மீதுதான் எழுந்தது. மொத்த எண்ணிக்கையை மட்டும் பிடித்துக்கொண்டு வாதிட்டவரை, மக்கள்பெருக்கம் பற்றிய பெருங்கருத்துகள் அலைபாய்ந்துகொண்டே இருந்தன. ஒரு பெண் எந்த அகவையில் மணந்தாள், எத்தனை மகவு ஈன்றாள், எப்போது மறைந்தாள் என்று தனித்தனி வாழ்வைத் தொடர்ந்து பார்க்கத் தொடங்கிய பிறகே அவை நிலைகொண்டன என்பது என் துணிபு.

அலைபாய்ந்ததன் அளவை அறியப் பதினெட்டாம் நூற்றாண்டைப் பார்த்தாலே போதும். பண்டைய உலகில் வாழ்ந்த மக்களில் ஒரு சிறு பங்கே இன்று உலகில் இருக்கிறது என்று 1721இல் பிரெஞ்சு அறிஞர் மான்டெஸ்கியூ எழுதினார். கற்றோர் பலர் அதை நம்பினர். 1752இல் டேவிட் ஹியூம் பண்டை நூல்களின் எண்களைத் துருவி ஆராய்ந்து அதை மறுத்தார்; மறு ஆண்டே ராபர்ட் வாலஸ் ஹியூமை மறுத்தார். 1780இல் ரிச்சர்ட் பிரைஸ், 1688க்குப் பிறகு இங்கிலாந்தின் மக்கள்தொகை ஏறத்தாழக் காற்பங்கு குறைந்துவிட்டது என்று வாதிட்டார். உண்மையில் அப்போது அந்நாட்டின் மக்கள்தொகை முன்னெப்போதும் இல்லாத விரைவில் பெருகிக்கொண்டிருந்தது. எண்ணிப் பார்த்துவிடலாமே என்றால் அதற்கும் இடமில்லை. 1753இல் கணக்கெடுப்புக்கான சட்டமுன்வரைவு ஒன்று கீழவையில் நிறைவேறி மேலவையில் வீழ்ந்தது. தாவீது அரசன் தன் குடிகளை எண்ணியதால் கொள்ளைநோய் வந்தது என்னும் விவிலியக் கதையும் அப்போது எதிர்ப்புக்குத் துணைநின்றது. 1801இல்தான் முதல் கணக்கெடுப்பு நடந்தது. இங்கிலாந்திலும் வேல்சிலும் ஏறத்தாழ 89 இலட்சம் மக்கள் இருப்பது தெரிந்தது. பிரைஸின் வாதம் அத்தோடு முடிந்தது.

இத்தனைக்கும் நூறாண்டுக்கு முன்பே இலண்டனில் ஒருவர் வழி காட்டியிருந்தார். ஜான் கிராண்ட் என்னும் அவர் பல்கலைக்கழகம் காணாத துணிமணி வணிகர். கொள்ளைநோய் பற்றி முன்கூட்டியே அறிந்து செல்வர்கள் ஊரைவிட்டு வெளியேற உதவியாக, இலண்டனில் வாரந்தோறும் இறப்புப் பட்டியல் ஒன்று அச்சாகி வந்தது. வாங்கியவர்கள் அதை மேலோட்டமாகப் பார்த்து, விருந்துகளில் பேச்சுக்குப் பயன்படுத்திய பின் எறிந்துவிட்டனர். கிராண்ட் பழைய பட்டியல்களைத் தேடிச் சேர்த்து, 1662இல் தம் ஆய்வை நூலாக வெளியிட்டார்.

அந்தப் பட்டியல் உருவான முறையை அவரே விரிவாக எழுதியிருக்கிறார். ஒருவர் இறந்ததும், அதற்கென உறுதிமொழி ஏற்ற மூதாட்டிகள் வீட்டுக்குச் சென்று பிணத்தைப் பார்ப்பர். அக்கம்பக்கத்தில் விசாரித்து, இறந்த காரணத்தைப் பங்கு எழுத்தரிடம் சொல்வர். எழுத்தர்கள் செவ்வாய் இரவு கணக்கைக் கொண்டு சேர்ப்பர், புதன்கிழமை அச்சாகும், வியாழனன்று, ஆண்டுக்கு நான்கு ஷில்லிங் கட்டியவர்களின் கைக்குப் போய்ச்சேரும். மூதாட்டிகளின் சொல்லை எவ்வளவு நம்பலாம் என்பதையும் கிராண்ட் ஆய்ந்தார். மேகநோயால் இறந்தவரின் வீட்டார் ஒரு கோப்பை மதுவும் வழக்கமான கூலியில் இருமடங்கும் கொடுத்தால், இறந்த காரணம் வேறாகிவிடும் என்பதைக் கண்டு எழுதினார். 1634க்கு முன் பட்டியலில் இல்லாத ரிக்கெட்ஸ் என்னும் எலும்புநோய் அவ்வாண்டில் திடீரெனத் தோன்றுவதைக் கவனித்தவர், நோய் புதிதா அல்லது பெயர் மட்டும் புதிதா என்றும் கேட்டார். புள்ளிவிவரத்தை ஐயுறக் கற்றுக்கொடுத்த முதல் நூல் இது. அதன் முடிவுகளைவிட இந்தப் பண்பையே நான் பெரிதாகக் கருதுகிறேன்.

முடிவுகளும் எளியவை அல்ல. இலண்டனில் பல பத்து இலட்சம் பேர் வாழ்வதாக ஊரே பேசிக்கொண்டிருந்தபோது, பிறப்பைக்கொண்டும் வீடுகளைக்கொண்டும் நிலப்படத்தைக்கொண்டும் தனித்தனியே கணக்கிட்டு, 3,84,000 பேர் என்றார். பெண் மகவு பதின்மூன்று பிறக்கும் இடத்தில் ஆண் மகவு பதினான்கு பிறப்பதைக் காட்டினார். பட்டியலில் இறந்தவரின் அகவை குறிக்கப்படவில்லை. அதனால் 20 ஆண்டுகளில் நேர்ந்த 2,29,250 இறப்புகளில் குழந்தைகளை மட்டும் தாக்கும் நோய்களால் நேர்ந்தவற்றைப் பிரித்து, கருவுறும் நூறு உயிர்களில் 36 ஆறு அகவைக்குள் மாயும் என்று கணித்தார். மிஞ்சிய 64 பேர் பத்துப் பத்து ஆண்டாக 40, 25, 16, 10, 6, 3 எனக் குறைந்து, 76ஆம் அகவையில் ஒருவர் நிற்பார் என்றார். முதல் எண்ணுக்குச் சான்று உண்டு. அடுத்தவை ஏறத்தாழ ஒரே விகிதத்தில் வகுத்துக்கொண்டே போன ஊகம். என்றாலும், இறப்புக்கும் ஓர் ஒழுங்கு உண்டு என்ற எண்ணம் அங்கே பிறந்துவிட்டது. அகவை குறித்த பதிவுகள் போலந்து நாட்டில் இன்று விரோத்சுவாஃப் எனப்படும் பிரெஸ்லாவ் நகரில் இருந்தன. 49, 63 போன்ற அகவைகள் உயிர்க்கண்டம் என்ற மூடநம்பிக்கையை உடைக்கக் காஸ்பர் நாய்மான் என்ற போதகர் அவற்றைத் திரட்டிவைத்திருந்தார். 1693இல் வால்மீன் புகழ் எட்மண்ட் ஹாலி அவற்றைக்கொண்டு ஆயுள் அட்டவணையை முறையாக அமைத்தார்.

இந்த வழியில் தொடர்ந்து சென்றிருக்கலாம். ஆனால் அடுத்துவந்த மாபெரும் சிந்தனையாளர் பெரும்பாலும் தருக்கத்தின் வழியே வந்தார். 1798இல் பெயர் குறிப்பிடாமல் தாமஸ் ராபர்ட் மால்தஸ் வெளியிட்ட சிறுநூல், தடையின்றி விட்டால் மக்கள் பெருக்கல் முறையிலும் உணவு கூட்டல் முறையிலும் வளரும் என்றது. இடைவெளியைப் பஞ்சமும் பிணியும் போரும் நிரப்பும். இவை இயற்கைத் தடைகள். மணத்தைத் தள்ளிப்போட்டு மனிதன் தானே பெருக்கத்தைக் குறைக்கலாம். இது முன்காப்புத் தடை. 1803இல் வந்த இரண்டாம் பதிப்பு பலமடங்கு விரிந்தது. நார்வே முதல் சீனம் வரை சான்று திரட்டியது. முன்காப்புத் தடைக்கு அதில் இடமும் மிகுந்தது. ஆனால் உலகின் நினைவில் தங்கியது முதல் பதிப்பின் அச்சுறுத்தும் கணக்குதான்.

அந்த நினைவு நம்மையும் தொட்டிருக்கிறது. 1805 முதல் 1834இல் இறக்கும்வரை மால்தஸ் பாடம் நடத்திய இடம், கிழக்கிந்தியக் கும்பினி தன் வருங்கால அலுவலர்களைப் பயிற்றுவித்த ஹெய்லிபரி கல்லூரி. அவர் மறைந்த பின்னும் அக்கல்லூரியின் மாணவர்கள் இந்தியா வந்துகொண்டிருந்தனர். அவர்களுள் ஒருவரான ரிச்சர்ட் டெம்பிள், 1877இல் தாது வருடப் பஞ்சத்தின்போது சென்னை மாகாணத்துக்கு வந்தார். நிவாரண வேலைசெய்யும் ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் சிறுகாசும் போதும் எனக் கூலியைக் குறைத்தார். இது உயிர் தாங்கப் போதாது என்று எதிர்த்து எழுதியவர் மாகாணச் சுகாதார ஆணையர் வில்லியம் கார்னிஷ். 1871இல் இம்மாகாணத்தின் மக்கள்தொகை அறிக்கையை எழுதியவரும் அவரே. 1881இல் மீண்டும் எண்ணியபோது மாகாணத்தின் மக்கள்தொகை அவர் எண்ணியதைவிடக் குறைந்திருந்தது. டெம்பிளின் முடிவுக்கு மால்தஸ் ஒருவரையே காரணம் காட்டுவது நேர்மையாகாது. அரசுச் செலவைக் குறைக்க வேண்டும் என்ற நெருக்கடியும் பின்னால் இருந்தது. ஆனால் பஞ்சத்தை இயற்கையின் திருத்தமாகக் காணும் மனப்போக்கு அக்கால ஆட்சியாளர்களிடம் இருந்ததை மறைக்க முடியாது.

மால்தஸின் கருத்தை அவர் காலத்து இங்கிலாந்தின் மீதே சோதித்துப் பார்க்கும் கருவி, இன்னும் நூற்றைம்பது ஆண்டுகள் கழித்துப் பிரான்சிலிருந்து வந்தது. 1945இல் பாரிசில் தேசிய மக்கள்தொகை ஆய்வு நிறுவனம் தொடங்கப்பட்டது. அங்குப் பணியாற்றிய லூயி ஆன்றி பொறியியல் பயின்றவர், வரலாற்றாசிரியர் அல்லர். கருத்தடை எதுவும் கைக்கொள்ளாத மக்களிடையே பிறப்பு எவ்வாறு அமையும் என்பதே அவர் கேள்வி. இருபதாம் நூற்றாண்டு ஐரோப்பாவில் அத்தகைய மக்களைக் காண்பது அரிது. எனவே அவர் இறந்தவர்களிடம் சென்றார். பிரான்சிலும் பங்குகள்தோறும் ஏடுகள் இருந்தன. 1667 முதல் அவற்றை இரு படிகளாக எழுதிவைக்கும் ஏற்பாடும் இருந்தது.

அவர் வகுத்த முறைக்குக் குடும்ப மீட்டமைப்பு என்று பெயர். ஏட்டின் ஒவ்வொரு பதிவும் ஒரு சீட்டில் படியெடுக்கப்படும். திருமணச் சீட்டு ஒன்றை எடுத்து அதற்கெனக் குடும்பப் படிவம் ஒன்று திறப்பர். மணமக்களின் திருமுழுக்குச் சீட்டுகளைத் தேடிச் சேர்த்தால் மண அகவை தெரியும். அவர்களின் பிள்ளைகளது திருமுழுக்குச் சீட்டுகளை அடுக்கினால் மகப்பேற்று இடைவெளி தெரியும். அடக்கச் சீட்டுகளைச் சேர்த்தால் எந்தக் குழந்தை எத்தனை நாள் வாழ்ந்தது என்பது புலப்படும். ஒரே ஊரில் ஒரே பெயரில் பலர். பெயரின் எழுத்துக் கூட்டலோ குருவுக்குக் குரு மாறும். ஆயிரம் பேர் வாழ்ந்த சிற்றூரை மீட்டமைக்கவே மாதக்கணக்கில் உழைக்க வேண்டும்.

உழைப்பைவிட அருமையானது அவர் இட்ட கண்காணிப்பு விதி. ஒரு தம்பதியின் நான்காம் பிள்ளைக்குத் திருமுழுக்கு நடந்த பின் ஏட்டில் அவர்களைப் பற்றி எதுவும் இல்லை என்று வைத்துக்கொள்வோம். ஊரைவிட்டுப் போனார்களா, பிள்ளைப்பேறு நின்றதா என்று தெரியாது. கடைசித் திருமுழுக்கு நாளோடு அவர்களின் கணக்கை முடித்தால், பிள்ளை பிறந்த காலம் மட்டும் கணக்கில் ஏறும். பிறவாத காலம் நழுவும். பிறப்பு வீதம் பொய்யாக உயரும். எனவே கணவன் மனைவி இருவரில் ஒருவரது அடக்கப் பதிவாவது கிடைத்தால் மட்டுமே அக்குடும்பத்தைப் பிறப்புக் கணக்கில் சேர்க்க வேண்டும் என்றார் ஆன்றி. எதை அளக்கிறோமோ அதுவே அளக்கும் காலத்தின் எல்லையாக அமைந்துவிடக் கூடாது. இன்றைய மருத்துவ ஆய்வுகளில் நோயாளியைப் பின்தொடரும் காலத்தை வரையறுப்பதும் இதே அடிப்படையில்தான்.

1958இல் எத்தியன் கோத்தியேவுடன் சேர்ந்து நார்மண்டியின் குருலே என்ற சிற்றூரைப் பற்றி அவர் வெளியிட்ட நூல், இத்துறைக்கு முன்மாதிரியாயிற்று. பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டுகளில் அவ்வூர்ப் பெண்கள் ஏறத்தாழ 25 அகவையிலும் ஆண்கள் 27 அகவையிலும் மணந்தனர். கருத்தடை இல்லாத காலத்திலும் ஆண்டுக்கொரு பிள்ளை பிறக்கவில்லை. தாய்ப்பாலூட்டும் காலம் அடுத்த கருவைத் தள்ளிவைத்ததால் இரண்டு ஆண்டுக்கு மேல் இடைவெளி இருந்தது. பழங்கால உழவர்கள் சிறுவயதில் மணந்து வரம்பின்றிப் பெற்றவர்கள் என்ற படம் இத்தகைய ஏடுகளின் முன் நிற்கவில்லை.

இம்முறையை இங்கிலாந்துக்குக் கொண்டுவந்தவர் டோனி ரிக்லி. டெவன் மாவட்டத்தின் காலிட்டன் ஊரை மீட்டமைத்து 1966இல் அவர் எழுதிய கட்டுரையின் எண்களை இன்று படித்தாலும் வியப்பு தோன்றும். 1560 முதல் 1646 வரை அவ்வூர்ப் பெண்களின் முதல் மண அகவை சராசரியாக 27. 1645-46இல் கொள்ளைநோய் ஊரில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவரை வாரிக்கொண்டு போயிற்று. நிலமும் வீடும் ஆளின்றிக் கிடந்தன. மால்தஸின் தருக்கப்படி இனி இளையோர் விரைந்து மணந்திருக்க வேண்டும். நேர்ந்ததோ வேறு. 1647 முதல் 1719 வரை பெண்களின் மண அகவை 29.6 ஆயிற்று, ஆண்களின் சராசரியான 27.7ஐவிட அது கூடுதல்! மணந்த பெண்களும் முன்போல் பெறவில்லை. இது திட்டமிட்ட குடும்பக் கட்டுப்பாடு என்றார் ரிக்லி. மாற்றுச் சபையினர் பலர் பிள்ளைகளை அந்தக் கோயிலுக்குக் கொண்டுவரவில்லை, அதனால் பிறப்பு குறைந்ததுபோல் தோன்றுகிறது என்று மறுத்தனர் சிலர். இரண்டாம் தரப்பை ஒதுக்கிவிட முடியாது என்றே நான் எண்ணுகிறேன். மேலும், ஒரு சோற்றைப் பதம் பார்ப்பது ஒரே பானைக்குத்தான் பொருந்தும். பத்தாயிரம் பங்குகள் கொண்ட நாட்டுக்குப் பொருந்தாது.

அதற்கு விடை தேடும் பொறுப்பு 1964இல் ரிக்லியும் பீட்டர் லாஸ்லெட்டும் தொடங்கிய கேம்பிரிட்ஜ் ஆய்வுக்குழுவிடம் இருந்தது. பழைய குடிமதிப்புப் பட்டியல்களை ஆராய்ந்த லாஸ்லெட், அக்கால இங்கிலாந்தில் ஒரு வீட்டில் சராசரியாக ஐந்து பேருக்கும் குறைவாகவே இருந்தனர், கூட்டுக் குடும்பம் அரிது என்று காட்டினார். பதினான்கு அகவை நிறையாத ஜூலியட்டை மேடையில் பார்த்து அக்கால மணவழக்கைத் தீர்மானித்தவர்களுக்கு அவர் நூலில் நல்ல குட்டு கிடைத்தது. ஏடுகளைப் படித்து மாதவாரியாகத் திருமணமும் திருமுழுக்கும் அடக்கமும் எத்தனை என்று எண்ணித் தந்தவர்கள் நாடெங்குமிருந்த ஊர்வரலாற்று ஆர்வலர்கள், ஊதியம் பெறாதவர்கள். அவர்கள் அனுப்பியவற்றில் 404 பங்குகளின் கணக்கு தேர்ந்தெடுக்கப்பட்டது. 1871ஆம் ஆண்டின் கணக்கெடுப்பைத் தொடக்கமாகக் கொண்டு, பிறப்பையும் இறப்பையும் வைத்து ஐந்தைந்து ஆண்டாகப் பின்னோக்கிச் செல்லும் கணிப்பு முறையை ஜிம் ஒப்பன் வகுத்தார். 1981இல் ரிக்லியும் ரோஜர் ஸ்கோஃபீல்டும் மூன்று நூற்றாண்டு வரலாற்றை ஒரே நூலாகத் தந்தனர்.

1541இல் இங்கிலாந்தில் ஏறத்தாழ 28 இலட்சம் மக்கள். 1650களில் 50 இலட்சத்தைத் தாண்டி, பிறகு சற்றுச் சரிந்து, 1801இல் 86 இலட்சத்தைத் தொட்டது. பதினெட்டாம் நூற்றாண்டில் மக்கள் பெருகியது மருத்துவத்தாலும் நல்லுணவாலும் இறப்பு குறைந்ததால் என்று அதுவரை பலர் கருதினர். இறப்பு குறைந்தது மெய்யே. ஆனால் பெரும்பங்கு பிறப்பின் உயர்வுக்கே உரியது, அவ்வுயர்வுக்குக் காரணமோ மணம் என்றது இந்நூல். பெண்களின் மண அகவை 26 என்பதிலிருந்து 24க்கும் கீழே இறங்கியது. மணவாமலே வாழ்ந்தோரின் பங்கும் குறைந்தது. கூலி உயர்ந்தால் சில பத்தாண்டுகள் கழித்து மணங்கள் பெருகின. கூலி விழுந்தால் குறைந்தன. பஞ்சமும் பிணியும் நாட்டின் மக்கள்தொகையை ஆட்டிவைக்கவில்லை, மணமேடைதான் ஆட்டிவைத்தது.

ஆக, மால்தஸின் முன்காப்புத் தடை அவர் நாட்டில் இருநூற்றைம்பது ஆண்டுகளாக அமைதியாக இயங்கிக்கொண்டிருந்தது. அதற்குச் சான்றளிக்கும் ஏடுகள் ஊர்க்கோயில் பெட்டிகளில் கிடந்தன. அவரும் ஒரு குரு. அத்தகைய ஏட்டில் எழுதியவர். ஆனால் அவர் நூல் எழுதிய அதே தலைமுறையில் கூலிக்கும் மக்கள்பெருக்கத்துக்கும் இருந்த பழைய கட்டு அறுந்துகொண்டிருந்தது. மக்கள் பெருகியும் அடுத்த நூற்றாண்டில் கூலி விழவில்லை. கடந்தகாலத்தைச் சரியாகவும் வருங்காலத்தைத் தவறாகவும் கண்டவர் என்று அவரைப் பற்றிச் சொல்வது இதனால்தான்.

காலந்தாழ்ந்த மணம் உலகப் பொதுவன்று என்பதை, ரிக்லி காலிட்டனை ஆராய்ந்த அதே காலத்தில் ஜான் ஹைனல் காட்டினார். லெனின்கிராடிலிருந்து திரியெஸ்தே வரை ஒரு கோடு கிழித்தால், அதன் மேற்கே பெண்கள் தாமதமாக மணந்தனர், பத்தில் ஒருவருக்கு மேல் மணவாமலே வாழ்ந்தனர். கிழக்கே அப்படி இல்லை என்று 1965இல் எழுதினார். மேற்கு ஐரோப்பாவுக்கு மட்டுமே தற்கட்டுப்பாடு தெரியும் என்று இதிலிருந்து முடிவுகட்டியவர்களுக்கு ஜப்பான் மறுமொழி தந்தது. தொக்குகாவா ஆட்சியில், குடிகள் எவரும் கிறித்தவர் அல்லர் என்று உறுதிசெய்ய ஊர்தோறும் சமய ஆய்வு ஏடுகள் எழுதப்பட்டன. ஆன்றியின் முறையை ஐரோப்பாவில் கற்றுத் திரும்பிய ஹயாமி அகிரா, அவற்றைக் கொண்டு ஜப்பானிய ஊர்களை மீட்டமைத்தார். 1721இல் இரண்டரைக் கோடிக்கு மேலிருந்த அந்நாட்டுக் குடிகளின் எண்ணிக்கை ஒரு நூற்றாண்டுக்கு மேல் பெரிதாக மாறவில்லை. அங்குப் பெண்கள் அத்துணைக் காலந்தாழ்த்தி மணக்கவில்லை. கட்டுப்பாடு திருமணத்துக்குப் பிறகே அமைந்தது. சிசுக்கொலையும் அதில் ஒரு பகுதி.

தொழில்வளம் பெருக இறப்பு குறையும், பின்னர்ப் பிறப்பும் குறையும் என்ற மக்கள்தொகை மாற்றக் கோட்பாடு, 1945இல் ஃபிராங்க் நோட்ஸ்டைன் எழுத்தில் முழு உருப்பெற்றது. ஏடுகள் அதையும் விட்டுவைக்கவில்லை. தொழிற்புரட்சியின் தாயகமான இங்கிலாந்தில் பிறப்பு வீதம் 1870களுக்குப் பிறகே இறங்கியது. உழவுநாடான பிரான்சிலோ புரட்சிக் காலத்திலேயே இறங்கிவிட்டது. ஆன்ஸ்லி கோல் தலைமையில் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம் ஐரோப்பாவின் நூற்றுக்கணக்கான மாநிலங்களை ஒப்பிட்டபோது, பிறப்பு குறைந்த காலத்தைப் பொருளாதார நிலையைவிட மொழி எல்லையும் பண்பாட்டு எல்லையும் பல இடங்களில் தெளிவாகப் பிரித்துக் காட்டின.

மீட்டமைப்பு முறைக்குப் பெருங்குறை ஒன்று உண்டு. கண்காணிப்பு விதி, பெரும்பாலும் ஊரிலேயே தங்கி வாழ்ந்தவரையே ஏற்றுக்கொள்ளும். அக்கால இங்கிலாந்திலோ இளமையில் வேலைக்காரராகவோ தொழில் பயில்வோராகவோ வேற்றூர் போகாதவர் குறைவு. இலண்டனில் திருமுழுக்கைவிட அடக்கம் மிகுதி என்றும், நாட்டுப்புறத்திலிருந்து ஓயாது வந்தவர்களாலேயே நகரம் வளர்ந்தது என்றும் கிராண்ட் அன்றே கண்டார். அக்காலத்தில் வயதுவந்த ஆங்கிலேயரில் ஆறில் ஒருவர் வாழ்நாளில் ஒருகாலத்திலாவது இலண்டனில் வாழ்ந்திருக்கக்கூடும் என்று 1967இல் ரிக்லி மதிப்பிட்டார். இப்படி ஊர்விட்டு ஊர் போனவர்களின் மணமும் மகப்பேறும் ஊரில் தங்கியவர்களுடையதைப் போலவே இருந்தனவா என்பதைப் பங்கு ஏடு சொல்லாது. அதை அறிய, தொழில் பயில்வோரின் ஒப்பந்தங்களும், வறியவர் உதவி கேட்டு வந்தபோது எந்த ஊரைச் சேர்ந்தவர் எனத் தீர்மானிக்க நடுவர்கள் எழுதிவைத்த வாக்குமூலங்களுமே இன்று ஆய்வாளர்களுக்குத் துணை.